என்னைக் கேட்காமல் டிரைவராக்கினார்கள்

இன்று மகன், மருமகள், இரண்டு வயதுப் பேத்தியோடு லண்டனுக்கு வெளியே கென்ட் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போனேன். "அப்பாவும் வாங்கோ" என்றார்கள். சந்தோஷமாகத்தான் காரை ஓட்டினேன். பேத்தி வழி முழுக்கக் கத்தினாள்.

அங்கே வருபவர்களுக்குச் சுவை பார்க்க வைன் ஊற்றிய பெண் என்னிடமும் ஒரு கிளாசை நீட்டினாள். மகன் முந்திக்கொண்டான்.

"அவருக்கு வேண்டாம். அவர் எங்கட டிரைவர்."

எழுபத்திரண்டு வயதுவரை நான் குடித்ததில்லை. அது என் முடிவு. அதை வைத்து என்னை டிரைவராக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. கிளாசை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். ஒரே புளிப்பு. இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.

"ஐயோ அப்பா! நாங்கள் ரெண்டு பேரும் குடிச்சிட்டம். இனி ஆர் கார் ஓடுறது?"

"அதைக் காலமை வீட்டில இருந்து வெளிக்கிடேக்கை என்னட்டைக் கேட்டிருக்க வேணும்."

மருமகள் மெதுவாகக் கேட்டாள். "மாமா, வைன் வெறி ஏறிட்டுதோ?"

"வெறியில்லைப் பிள்ளை. கோவம்."

காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வந்தோம். பேத்தி என் மடியில் இருந்து ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கை காட்டினாள். எங்கள் வீட்டு ஸ்டேஷன் நோர்பரி வரும்வரை மகன் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தான்.

நான் செய்தது பிழை என்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். நாளைக் காலை மகனோடு போய் அந்தக் காரை ஓட்டிவர ஓர் ஆள் தேவை; நான் போகமாட்டேன்.