பச்சைக்கு நடுவே ஒரு கோடு

அடையாறில் எங்கள் இணைய நிறுவனத்தின் கண்காணிப்பு அறைச் சுவரில் பெரிய திரைகளெல்லாம் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்க, மூலையிலுள்ள ஒரு சின்னத் திரையில் மட்டும் வெள்ளைக் கோடு ஒன்று ஏறி இறங்கும். அதை மாட்டியவர் அப்போதைய எங்கள் டீம் லீட். சிந்தாதிரிப்பேட்டைப் பெண், என்னைவிட நன்றாகவே இளையவர். அவருக்குக் கீழே வேலை பார்த்ததில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. கௌரவம் இருந்தால்தானே குறைவதற்கு.

அந்தத் தீபாவளி சமயத்தில் மாலையானால் தி.நகர் கடைக்காரர்கள் போன் போட்டுத் திட்டினார்கள். கார்டைத் தேய்த்தால் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். வந்தவர்கள் புடவையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். அனுப்பிய தகவல் எதுவும் வழியில் தொலையவில்லை, ஆகவே நெரிசல் இல்லை, புது மெஷின் வாங்கச் சொல்லுங்கள் என்றார் மேனேஜர். டீம் லீட் ஒப்பவில்லை. லைன் காலியாக இருக்கும் விடியற்காலையில் ஒரு சின்னத் தகவலை அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். மாலையிலும் அதையே செய்ய வேண்டும். கூடுகிற நேரமெல்லாம் அது வழியில் வரிசையில் நின்ற நேரம். வரிசை நிரம்பி வழிந்தால்தான் தகவல் தொலையும். அதுவரை சுவர் பச்சையாகவே இருக்கும் என்றார்.

மாலையில் அளக்கும் வேலை, வேறு ஆள் கிடைக்காததால், எனக்கு வந்தது. மயிலாப்பூரில் என் வீட்டிலிருந்தே அளந்தேன். அந்த நேரத்தைக் காட்டும் கோடு கூரையைத் தொட்டது. வெற்றிவீரனாக மேனேஜரிடம் ஓடினேன். "அப்ப உன் வீட்டு லைன்ல என்னப்பா ஓடிச்சு?" என்று அவர் கேட்ட பிறகுதான், அளந்தபடியே மூன்று படங்கள் இறக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. டீம் லீட் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், நெரிசலே நீங்கதானா?"

பிறகு அவரே அலுவலகத்திலிருந்து, வழியில் தகவலைக் கைமாற்றிவிடும் ஒவ்வொரு பெட்டியாக அளந்தார். தி.நகர் பெட்டிவரை காலையும் மாலையும் ஒன்றுதான். அதைத் தாண்டியதும் மாலை நேரம் எகிறி, கடைவரை இறங்கவேயில்லை.

"லேட்டானாலும் வந்துடுதேம்மா," என்றார் மேனேஜர். "மெஷின மாத்தச் சொல்லிடு. உன்னைப் பர்மனென்ட் பண்ற பேச்சு வேற போயிட்டிருக்கு."

கோபம் வந்தால் டீம் லீடுக்குப் பேட்டைத் தமிழ் இன்னும் தடிக்கும். "கோளாறு லைன்லதான் கீது சார், மெஷின்ல இல்ல. பொய் சொல்லித்தான் பர்மனென்ட் ஆவணும்னா எனக்கு வாணாம்."

அன்றே அந்த நேரக் கோட்டை ஓடவிட்டு, அந்தச் சின்னத் திரையைச் சுவர் மூலையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார். கழற்றச் சொன்னபோது, "நீங்களே கயட்டுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். மேனேஜர் ஸ்டூலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஏறவில்லை. டீம் லீட் ஒவ்வொரு கடைக்காரரிடமும், "உங்க மெஷின் நல்லாத்தான் கீதுண்ணா, எங்க லைன்தான் சரியில்ல" என்றார். பிறகு அவர்கள் விடுவார்களா? தி.நகருக்குப் பெரிய லைன் வந்தது. அவருக்குப் பர்மனென்ட் வரவில்லை. பெருங்குடியில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது அவர் நாற்காலியில் நான். மயிலாப்பூர்க் கோடு மாலைகளில் ஏறத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் பெரிய லைன் வேண்டுமென்று எழுதிக் கேட்டேன். புது மேனேஜருக்கோ அந்தத் திரை சுவரின் அழகைக் கெடுக்கிறதாம். "கழட்டியாச்சா?" என்று மெசேஜ் வந்தது. இன்று, "பதிலுக்கு ஏன் இவ்வளவு லேட்?" என்று இன்னொன்று.

பதில் தாமதமானால் வழியில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம் சார். அடைப்பு எங்கும் போய்விடவில்லை. அந்தச் சின்னத் திரைக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறது.