சோளக்கொல்லையில் விதைத்த புல்

சோளக் கொல்லையில் ஆடிப்பட்டத்தில் புல்லையும் சேர்த்து விதைத்தோம் என்றதும் என் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அறுபது வருஷமா புல்லப் புடுங்கினேன். என் மருமவ அத விதைக்கறா."

ஆம்பூருக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி எங்கள் நிலம். விவசாய இலாகா ஆள் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் கொழுக்கட்டைப் புல் விதை கொடுத்து, சோள வரிசைகளுக்கு நடுவே தூவச் சொன்னார். இரண்டையும் பச்சையாக அறுத்துக் குழியில் போட்டு மூடினால் கோடையில் மாட்டுக்குத் தீனி ஆகுமாம். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படிக்க வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

களையெடுக்க வந்த பெண்கள் முதல் நாளே இரண்டு வரிசைப் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். நான் வரப்பில் விழுந்தடித்து ஓடினேன்.

"அக்கா, அது களை இல்ல, பயிரு."

"புல்லு பயிராம்மா? இன்னாம்மா சொல்ற நீ," என்று அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிடுங்கியதை அவர்களே திரும்ப நட்டார்கள்.

ஐப்பசியில் சோளம் கதிர் விட்டுப் பால் பிடித்தபோது மழை விடவே இல்லை. மற்றவர்களின் சோளத்தட்டு கொல்லையிலேயே கறுத்தது. நாங்கள் மழை சற்று ஓய்ந்த ஒரு காலையில் அறுத்து, துண்டு துண்டாக வெட்டி, மேட்டில் வெட்டிய குழியில் கொட்டி, காற்று தங்காமல் மிதித்தோம். களையெடுத்த பெண்களோடு பக்கத்து வீட்டு ஆபாவும் வந்தாள். அவள் புருஷனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவளுக்கு இரண்டு எருமை. என்னைவிட மூத்தவள், அதனால் அவர்கள் உருதுவில் அக்கா என்பதற்குச் சொல்லும் ஆபா என்றே கூப்பிடுவேன்; வாய்க்காரி.

ஆள் உயரக் குழி. முதலில் எங்களுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. கொட்டக் கொட்ட, மிதிக்க மிதிக்க, நாங்களும் மேலே வந்தோம். முதலில் வரப்பு தெரிந்தது, அப்புறம் தென்னை, அப்புறம் மலை. யாரோ பாட்டு எடுக்க, காலெல்லாம் தாளத்துக்கு மிதித்தன. கரையில் நின்ற மாமனார் திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "மூலையில யாரும் மிதிக்கல," என்றார். மாலை வரை அவர் ஏறவே இல்லை. மேலே வைக்கோல் பரப்பி, மண்ணைக் குவித்து மெழுகினோம். வெடிப்பு விட்ட இடத்தையெல்லாம் நான் நாள் தவறாமல் பூசினேன்.

சித்திரையில் பச்சை என்ற நிறமே ஊரில் இல்லாதபோது குழியைத் திறந்தோம். மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுத்து, பூசணம் பூத்திருந்தது. அதை அள்ளி எறிந்தார் என் வீட்டுக்காரர். அடியில் மஞ்சளும் பச்சையுமாக, புளித்த கூழ் வாசனையோடு, தீனி கதகதவென்று இருந்தது.

எங்கள் பசு முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர் மூக்கைப் பொத்தினார்.

"தோல் ஷாப்பு நாத்தத்துல குடித்தனம் பண்றவ நான். எனக்கு இது அத்தர்," என்றாள் ஆபா. ஒரு கை அள்ளித் தன் எருமையிடம் நீட்டினாள். அது கையோடு சேர்த்து இழுத்தது. அதைப் பார்த்த எங்கள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கூடையில் தலையை விட்டது. மாமனார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் பசுவும் ஆபாவின் எருமைகளும் பால் குறைக்கவில்லை. அடுத்த வருஷம் ஊரில் நாலு குழி வெட்டினார்கள். ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் ஆபாவும் போய், இறங்கி, மூலைகளை மிதித்துப் பார்த்துவிட்டு, தலையாட்டுவோம். அதற்குப் பிறகுதான் மண் போடுவார்கள்.