சாமத்தியவீட்டுப் படம்

எனக்கு மறதி குறைவு. மன்னிப்பு அதைவிடக் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் பெருந்தன்மையை எதிர்பார்த்து ஏமாறக்கூடாது.

டென்மார்க்கில் சிறிய கடைக்காரர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நிறுவனத்தில் உணவுப்பொருள் ஒருவருக்கு, மது இன்னொருவருக்கு, நிக்கொட்டின் பைகள் எனக்கு. மேலுதட்டுக்குள் அடக்கிவைக்கும் சின்ன வெள்ளைப் பைகள் அவை, வட்ட டப்பாவில் வரும். இங்கே எல்லோரும் ஸ்னூஸ் என்றுதான் சொல்வார்கள். புகை இல்லை, மணம் இல்லை, வகுப்பில் ஆசிரியருக்கு முன்னாலேயே வாயில் வைத்திருக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, கண்ணில் படும்படி அடுக்கக்கூடாது, நிக்கொட்டின் அளவுக்கு மேல் போகக்கூடாது, பழச்சுவை கூடாது என்று விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நான் கடை கடையாகப் போய்த் தட்டுகளுக்குக் கதவு போடவைப்பேன். கல்லாவில் நிற்பவருக்கு மரியாதையாக வயதுச் சான்று கேட்கப் பழக்குவேன். வேலையில் எனக்கு நல்ல பெயர்தான்.

என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அதை வைத்திருந்ததைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பல் வைத்தியர். மகளுக்கு அப்போது பதினாறு வயது. வைத்தியர் அவளுடைய மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்முரசு வெளிறி, தண்ணீரில் ஊறிய விரல் நுனிபோலச் சுருங்கிக் கிடந்தது. 'இது ஸ்னூஸ்' என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, அந்தமட்டில் தப்பினேன்.

எங்கே வாங்கினாய் என்று காரில் வைத்துக் கேட்டேன். ரண்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கியோஸ்கைச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் எங்கள் ஆள். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து தெரியும். அன்று மாலையே போய் நேருக்கு நேர் கேட்டேன். அவர் பதறவில்லை.

"தங்கச்சி, பிள்ளை பதினெட்டு எண்டு அட்டை காட்டினவள். வேறை ஆரின்ரையும் அட்டையோ, எனக்கென்னெண்டு தெரியும்? பாத்தாலும் பெரிய பிள்ளை மாதிரித்தானே."

விற்றதைக்கூட ஒருவேளை ஒருநாள் விட்டிருப்பேன். ஆனால் அவர் அந்தக் கதையைக் கடையோடு வைத்திருக்கவில்லை. நான் போய்க் கேட்டதால் பயம் பிடித்திருக்க வேண்டும், முந்திக்கொண்டார். இரண்டு கிழமைக்குள் கோயிலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் அது சுற்றிவிட்டது. யாருடைய அட்டையையோ காட்டிக் கடைக்காரரை ஏமாற்றிய பிள்ளை. சட்டம் படிப்பிக்கிறவளின் மகளே கள்ளம் செய்கிறாளாம். நடன வகுப்புக்கு எங்கள் காரில் ஏறிவந்த இரண்டு பிள்ளைகளின் தாய்மார், இனித் தாங்களே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. மகள் அதன்பிறகு நடன வகுப்புக்குப் போக மறுத்தாள்.

கதவைப் பூட்டிக்கொண்டு அழுதவள் வெளியே வந்தபோது டேனிஷில் சொன்னது இதுதான்: "நான் ஒரு அட்டையும் காட்டவில்லை. அவர் கேட்கவே இல்லை. 'அம்மா சுகமோ' என்று கேட்டுவிட்டு டப்பாவை எடுத்துத் தந்தார்."

என்னுடைய சுகத்தை விசாரித்துக்கொண்டே என் பிள்ளைக்கு விற்றிருக்கிறார். அந்த ஒரு வசனம் பல மாதம் என் நித்திரையைத் தின்றது.

மகளின் அப்பா வழக்கம்போல, "விடும், நாலு நாளைக்குக் கதைச்சிட்டு விட்டிடுவினம்" என்றார். அவருக்கு எல்லாமே நாலு நாள்தான். பரிசோதகர்களுக்கு அறிவிப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் தண்டம் வந்தால் அது கடைக்காரருக்கும் அரசுக்கும் இடையில் டேனிஷில் நடந்து முடிந்துவிடும். என் பிள்ளையின் பெயர் கெட்டது தமிழில். திரும்பி வருவதும் தமிழில்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வழியில் கண்டால் அவருக்குச் சிரிக்கவும் செய்தேன்.

புதிய விதிகள் நடைமுறைக்கு வரும் சமயம் சந்தர்ப்பம் தானாக வந்தது. கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி, தமிழ்க் கடைக்காரர்களுக்குத் தமிழிலேயே ஒரு வகுப்பு வைக்க முடியுமா என்று எங்கள் நிறுவனத்தைக் கேட்டார். முடியும் என்றேன். அவ்வளவு விரைவாக நான் எந்த வேலைக்கும் சம்மதித்ததில்லை.

வயதுச் சான்று பற்றிய வகுப்பில் நான் எப்போதும் ஒரு விளையாட்டு வைப்பேன். இளம் முகங்களைத் திரையில் காட்டி வயதை ஊகிக்கச் சொல்வேன். எல்லோரும் பிழையாகச் சொல்வார்கள். கண்ணை நம்பாதே, அட்டையைக் கேள் என்பது பாடம். இந்த முறை கடைசிப் படமாக எதைப் போடலாம் என்று வீட்டு அல்பத்தைப் புரட்டினேன். மகள் பெரியபிள்ளையானபோது மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தோம். வந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக மேடையேறி, அலங்கரித்த பிள்ளையோடு நின்று படம் எடுத்துக்கொண்டுதான் சாப்பிடப் போவார்கள். எங்கள் ஆட்களில் யாரும் அந்தப் படத்துக்குத் தப்ப முடியாது. கியோஸ்க்காரரும் தப்பவில்லை.

படத்தைப் போடட்டுமா என்று மகளிடம் கேட்டேன். போடவேண்டாம் என்றால் விட்டிருப்பேன். அவள் அல்பத்தை வாங்கி, அவர் கையைத் தன் தலையில் வைத்து ஆசீர்வதிக்கும் படத்தைத் தானே எடுத்துத் தந்தாள். என் வயிற்றில் பிறந்தவள்தான்.

ஞாயிறு மத்தியானம் வகுப்பு. ரண்டர்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் கடை வைத்திருப்பவர்கள் வந்தார்கள், ஸ்கீவ நகரிலிருந்துகூட இருவர். மகள் லப்டொப்போடு ஓரத்தில் இருந்தாள். கியோஸ்க்காரர் அவளைக் கண்டார், தலையைத் திருப்பினார், முன்வரிசையில் போய்க் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். நான் அளவு சொன்னேன், சுவை சொன்னேன், கதவு போட்ட தட்டு சொன்னேன். பிறகு விளையாட்டு தொடங்கியது. டேனிஷ் முகங்களில் வழக்கம்போலத் தோற்றார்கள், நன்றாகச் சிரித்தார்கள். கடைசியில் மகளின் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டேன். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ, பெற்ற எனக்கே மட்டுக்கட்ட முடியாத பூச்சு.

"கலியாணப் பொம்பிளை" என்றார் ஒருவர். "இருவத்திரெண்டு" என்றார் இன்னொருவர்.

"இருவத்தஞ்சு வரும் தங்கச்சி" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

நான் தலையசைக்க, மகள் முழுப்படத்தைப் போட்டாள். மேடை, பூ அலங்காரம், பக்கத்தில் அவர், அவர் மனைவி, பிள்ளையின் தலையில் அவர் கை. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபம் அடங்கிவிட்டது.

"அண்டைக்குப் பிள்ளைக்குப் பதின்மூண்டு வயசு" என்றேன். "அண்ணைக்கு வடிவாத் தெரியும். முதல் பந்தியில இருந்து சாப்பிட்டவர். மூண்டு வருசத்தால கடைக்கு வரேக்கை அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு அண்ணை?"

"இதுக்கே தங்கச்சி எங்களைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஓம் அண்ணை. இதுக்கும்தான். பிள்ளை உங்களுக்கு அட்டை காட்டினவளோ?"

அவர் சுவரைப் பார்த்தார். "சொல்லுங்கோவன்" என்று ஒரு குரல் வந்தது. ரயில் நிலையத்தடியில் கடை வைத்திருப்பவர் அவர்.

"நான் கேக்கேல்லை" என்றார் கியோஸ்க்காரர் கடைசியில். "தெரிஞ்ச பிள்ளை. தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளையிட்டை அட்டை கேட்டா தாய் தேப்பன் என்ன நினைப்பினம்?"

"அப்ப பிள்ளை பொய் சொல்லேல்லை."

"இல்லை."

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை அண்ணை."

"பிள்ளை பொய் சொல்லேல்லை" என்றார் உரத்து. காதுவரை கறுத்திருந்தது முகம். மகள் இருந்த பக்கம் பார்க்காமல் எழுந்து, ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பாவமாக இருந்ததா என்று பின்னர் சிலர் கேட்டார்கள். இல்லை. பாயசம் குடித்ததுபோல இருந்தது. இன்னொரு கோப்பை கிடைத்தாலும் குடித்திருப்பேன்.

பிறகு எல்லோரும் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்படியும் ஒரு மனுசனோ, பச்சைப்பிள்ளையின் பெயரைக் கெடுத்தானே என்று ஆளுக்கொரு பக்கமாகப் பொரிந்தார்கள். ரயில் நிலையத்தடிக் கடைக்காரர் மகளுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து கொடுத்து, "நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் தேத்தண்ணியைத் தொடவில்லை. அன்று அவள் திரும்பவும் நடன வகுப்புக்குப் போவதாக இருந்தது, அதனால் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாங்கள் கிளம்பினோம்.

காரில் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். முகம் கறுத்ததைச் சொன்னேன், ஜக்கெற்றைச் சொன்னேன். "இனி உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்" என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோல்ஸ் தந்தாரே, அவரும் கேட்கவில்லை" என்றாள் டேனிஷில்.

"என்ன கேக்கேல்லை?"

"அட்டை. பாடசாலை விட்டு வரும்போது அங்கேயும் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு வந்திருந்த நீலச் சேட் போட்டவரிடமும், கண்ணாடிக்காரரிடமும். ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் அம்மா சுகமோ என்றுதான் கேட்பார்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் இவரைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள்."

கடைசியாக எப்போது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன். அவள் ஜக்கெற் பைக்குள் கைவிட்டு வட்ட டப்பாவை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். பாதி முடிந்திருந்தது. பல் வைத்தியரிடம் போனதோடு விட்டுவிட்டாள் என்று நான் நம்பியிருந்தேன்.

"வியாழக்கிழமை. ரயில் நிலையத்தடியில்" என்றாள். அழத் தொடங்கிவிட்டாள். "அம்மா, என்னால் நிறுத்த முடியவில்லை."

ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வட்டச்சந்தியில் வெளியேறாமல் முழுதாகச் சுற்றிக் காரைத் திருப்பினேன். நடன வகுப்பு என்றாள். பிந்திப் போகலாம் என்றேன். மண்டபத்தில் இன்னும் ரோல்ஸ் முடிந்திருக்காது.