தலைவர் எனக்கு வணக்கம் சொன்னார்

உலகத்தாருக்கு ஒரு மிக முக்கியமான அறிவிப்பு. இத்தாலியின் பெரூஜா நகரில், கார் நுழையாத பழைய கடைத்தெருவின் வணிகர் சங்கத் தலைவர், மாண்புமிகு ஒதோரீகோ ப்ருஸ்காத்தி அவர்கள், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு மாலை வணக்கம் சொன்னார். கதை இல்லை, நடந்தது. என் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.

எங்கள் ஊரில் பகை என்றால் வணக்கத்தை நிறுத்திவிடுவார்கள். மாலையில் ஊரே அந்தத் தெருவில் மேலும் கீழும் உலாத்தும். பகையாளி எதிரே வந்தாலும் பார்க்கமாட்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தலைவர் தெருவில் ஒரு பெஞ்சைத் திறந்துவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். 'நாங்கள் கால் கடுக்க நின்றோம், பெஞ்சில் ஒரு புறாதான் உட்கார்ந்தது' என்று பத்திரிகையில் எழுதினேன். அன்றோடு எனக்கு வணக்கம் போயிற்று.

அவர் மறுபடி வணக்கம் சொன்னது இந்த நவம்பரில். என் மனைவி நீவெஸ் கையுறைக் கடையில் நின்றாள். எட்டு மணிக்கு உணவகத்தில் மேசை சொல்லியிருந்தோம். என் முழங்கைக்குள் ஒரு கை நுழைந்தது.

"மாலை வணக்கம். நடப்போம்."

தலைவரேதான். ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அவரைக் கண்டு தொப்பியைத் தூக்காதவர் அந்தத் தெருவில் இல்லை. அன்று ஒருவரும் தூக்கவில்லை. குளிரில் என் வாயிலிருந்து புகை வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை. கல்தரையில் டக்... டக்... என் பூட்ஸ் சத்தம் மட்டும்.

மருந்துக்கடைத் தார்ச்சீசியோ எதிரே வந்தார். "என்னப்பா, இன்னிக்கு தனியா உலாத்துறே?"

தனியாகவா...?

தெருக்கோடி விளக்குக் கம்பம் வந்தது. எல்லாரும் அங்கேதான் திரும்புவார்கள். அவர் திரும்பவில்லை.

"தலைவரே, திரும்பணும்."

"இன்னும் கொஞ்சம்."

இருட்டு. கைப்பிடிச் சுவர். அப்பால் பள்ளம்.

அவர் பிடி மணிக்கட்டுக்கு இறங்கி இறுகியது. பனிக்கட்டி...

"நின்னு நின்னு கால் வலிச்சுதுன்னு எழுதினியே. இதோ... உட்காரு."

சுவர் இடுப்பில் இடித்தது.

ஒரு கால் தரையில் இல்லை.

டாங்... டாங்... எட்டு மணி.

"மேசை போயிடும்யா! அங்க என்ன பண்றே?" நீவெஸ் குரல்.

கையை உதறினேன். சர்ரக்...

யாரும் இல்லை.

மறுநாள் காலையில்தான் தெரிந்தது. தலைவர் முந்தின நாள் நண்பகலிலேயே இறந்திருந்தார். அவர் வீட்டுக்குப் போனேன். ஜெபமாலை சுற்றிய கை, மூடியிருந்தது.

"உயிர் போனப்ப வெறுங்கைதான்," என்றாள் அவர் மனைவி. விரல்களைப் பிரித்து எதையோ எடுத்தாள். என் கோட்டுக் கைப் பொத்தான்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிளாஸ்டிக். எங்க வீட்டுல இவ்வளவு மட்டமானதை யாரும் போடறதில்லையே."

அது தள்ளுபடியில் வாங்கிய கோட்டு.