புளியரையில் என்னைத் தெரியாதவர்கள்

போன வாரம் தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசை விலக்கு ரோட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு லாரிக்காரர் நனைந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே இரண்டடி பின்னால் நகர்ந்தன. லாரியில் என்ன லோடு, போலீஸ் வந்தால் நான் யார் என்று சொல்வது, எந்தப் பக்கம் ஓடுவது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. லாரியில் இருந்தது செங்கல். லாரிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், என்மேல்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நனைந்த தார்ப்பாய் வாசனை எனக்கு என் சிநேகிதன் காசியின் கூடாரத்து வாசனை. காசியின் அப்பா ஆய்க்குடிப் பக்கம் டூரிங் கொட்டகை நடத்திவந்தார். கிழிந்துபோன கூரைத் துணியில் ஒரு பகுதியைக் காசி சுருட்டி வைத்திருந்தான். பீடிப் புகை, நிலக்கடலைத் தோல், சோகப் படங்களுக்கு அழுத ஆச்சிமாரின் கண்ணீர் எல்லாம் அதில் ஊறியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்க் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவோம் என்றான் காசி. சாரல் காலம். குற்றாலத்தில் நம் தலையில் விழுவது அருவித் தண்ணீரா, மேலே நிற்கிறவரின் எண்ணெய்க் குளியலா என்று தெரியாத கூட்டம். அதனால் செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிப் பாலருவிக்குப் போவதென்று முடிவானது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் தென்காசியில் ஓர் அரசாங்க ஆபீசில் தற்காலிக கிளார்க். வேலை நிரந்தரமாகும் உத்தரவு எந்த நாளும் வரலாம். "அதுவரைக்கும் போலீஸ், கேசுன்னு பேரு எங்கனயும் அடிபடாமப் பாத்துக்கிடும்" என்று எங்கள் சூப்பிரண்டு பொதுவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சலூன்காரர் கொஞ்சம் அதிகமாகப் பேசினால்கூட, இவரை யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசிக்கிற நிலைமை.

அந்தக் காலத்தில் அரிசி மலையைத் தாண்டக் கூடாது. கேரளத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு, இங்கிருந்து கொண்டுபோகத் தடை. மலையடிவாரத்துப் புளியரையில் செக்போஸ்ட் போட்டுச் சோதித்தார்கள். ஆனாலும் இடுப்பில் கட்டியும், கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றியும் அரிசி அதுபாட்டுக்கு மலையேறிக்கொண்டுதான் இருந்தது. எதற்கு வம்பு என்று நாங்கள் ரவையும் அவலும் மட்டும் கட்டிக்கொண்டோம். மூன்று நாளும் உப்புமா என்று தெரிந்தும் நான் சம்மதித்தேன் என்றால் என் பயத்தின் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஆறுமுகம் அண்ணாச்சியின் பழைய வேன். அண்ணாச்சி வாய் நிறைய வெற்றிலை போட்டிருப்பார். அவர் வாயைத் திறந்தால் நம் சட்டை பாழாகிவிடும் என்பதால் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. சமையலுக்கு மைதீன். என்கூடப் படித்தவன், தறிக்காரர் வீட்டுப் பையன். அவன் கடைசியாக வந்து ஏறினான். கையில் ஒரு சாக்கு மூட்டை. ஓரத்தில் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் நான் காலை நீட்டப் போனேன். பாம்பைக் கண்டவன்போலத் தட்டிவிட்டான்.

"மேல படாதலே. அங்கன தள்ளி உக்காரு."

என்ன மூட்டை என்று கேட்டேன். சும்மா சாமான் என்றான். ரவை முன்னால் இருக்கிறது. பாத்திரம் பின்னால் கிடக்கிறது. பிறகு என்ன சாமான்? செங்கோட்டையில் நிறுத்தியபோது அண்ணாச்சியின் காதில் ஏதோ குசுகுசுத்தான். அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவர் வெற்றிலையைத் துப்பி நான் பார்த்ததில்லை. போதாதா? அரிசிதான். கூடாரம், அருவி எல்லாம் போர்வை, உள்ளே அரிசி. காசியும் கூட்டு. நடுவில் ஓர் அரசாங்க கிளார்க்கை உட்கார வைத்தால் வண்டியைச் சோதிக்க மாட்டார்கள் என்று திட்டம். வேன் புளியரையை நெருங்குவதற்குள் மூன்று பேருக்கும் என் மனதிலேயே தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

செக்போஸ்ட்டுக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. மற்றவர்கள் டீ குடிக்க இறங்கியபோது, வயிறு சரியில்லை, நடந்தால் தேவலை, நீங்கள் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பியவன் சும்மா போகவில்லை. என் போர்வையில் சலவைக் குறி இருக்கிறது. வண்டி பிடிபட்டால் அதை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே போர்வை, தலையணை எல்லாவற்றையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் பாராமல், மலையைப் பார்த்தபடி நடந்தேன்.

"எங்கவே போவுதீரு?"

செக்போஸ்ட் ஏட்டையா. கையில் அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசி. பாலருவிக்கு என்றேன். யாரோடு என்றார். தனியாகத்தான் என்றேன். என்ன வேலை என்றார். கிளார்க் என்று சொன்னால் ஆபீசுக்குத் தகவல் போய்விடுமே! ஆய்க்குடியில் டூரிங் கொட்டகையில் வேலை என்று வாய் தானாகச் சொல்லிற்று.

"வண்டிய விட்டு எறங்கி, மூட்டையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மலையப் பாத்துக்கிட்டு நடந்து வாரவனத்தான்வே நாங்க நாளும் பிடிக்கோம்" என்றார் ஏட்டையா நிதானமாக. தலையணையில் குத்தூசியை இறக்கி இழுத்தார். இலவம்பஞ்சு பறந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் பறந்ததெல்லாம் என் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அரிசி இல்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. அரிசியும் இல்லாமல் ஒருவன் இப்படி வேர்க்கிறான் என்றால் பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் இல்லையா?

அப்போது வேன் வந்து நின்றது. காசி எட்டிப் பார்த்தான். கொட்டகைக்காரர் மகன் என்று ஏட்டையாவுக்கு அவனைத் தெரியும்.

"இவரு தனியா வந்தாராம். ஒங்க கொட்டகையில வேலை பாக்காராமே?"

காசி என்னை ஏற இறங்கப் பார்த்தான். பஞ்சு ஒட்டிய முகத்தை ரசித்துப் பார்த்தான்.

"எங்க கொட்டகையிலயா? டிக்கெட் எடுத்துக்கூட வந்ததில்லயே" என்றான். அது சத்தியமான உண்மை. இருபது படம் அவன் தயவில் ஓசியில் பார்த்திருக்கிறேன்.

ஏட்டையா மைதீனைப் பார்த்தார். "யாரு நீங்க, தெரியலயே" என்றான் மைதீன், என் முகத்தைப் பார்த்தே. அண்ணாச்சியும் உதட்டைப் பிதுக்கினார். நான் தனியாக வந்ததாகச் சொன்னதைக் கேட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. ஏட்டையா என் தோளைப் பிடித்து, உள்ளே வந்து பேரை எழுதிக்கொடும் என்றார். என் வேலை, உத்தரவு எல்லாம் அந்தச் சாரலில் கரைந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன்.

மைதீன்தான் முதலில் தாங்காமல் இறங்கி ஓடிவந்தான்.

"நம்ம ஆளுதான் ஏட்டையா. பயந்தாங்கொள்ளி. யானை வருமா, யானை வருமான்னு நாலு நாளா எங்க உயிர எடுத்துட்டான்."

"இப்ப யானைக்குப் பயந்தாரா, எனக்கா?" என்றார் ஏட்டையா.

வேனைச் சோதித்தார்கள். சாக்கு மூட்டையைப் பிரித்தார்கள். வைக்கோலுக்குள் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. மைதீனின் மாமா கல்யாணத்துக்கு விளக்கு வாடகைக்கு விடுகிறவர். அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறான். கண்ணாடி உடைந்தால் தொலைந்தான். அதனால்தான் மூட்டைமேல் யாரையும் படவிடவில்லை. அண்ணாச்சியிடம் குசுகுசுத்தது, பள்ளத்தில் மெதுவாக விடச் சொல்லி.

"வெளிச்சம் இருந்தா யானை அண்டாதுலா. ஒனக்குத்தாம்லே எடுத்துட்டு வந்தேன்" என்றான். அதற்கு நான் நன்றி சொல்லியிருக்கலாம். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன்.

பாலருவிப் பக்கம் மூன்று நாள் அந்த ஓட்டைக் கூடாரத்தில் கிடந்தோம். பஞ்சு போன தலையணை எனக்கு. இருட்டத் தொடங்கும்போதே மைதீன் விளக்கைப் பம்ப் அடித்து ஏற்றிவிடுவான். அந்த உஸ் சத்தத்தில் யானை மிதிப்பது எப்படிக் கேட்கும் என்று எனக்கு அடுத்த சந்தேகம். அங்கே வாங்கிய மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, அவித்து எல்லோருக்கும் போடுவான். என் முறை வந்ததும் கரண்டியை நிறுத்திவிட்டு, "யாரு நீங்க, தெரியலயே" என்பான். காசி சிரித்துப் புரண்டதில் கூடாரம் ஒருமுறை எங்கள் தலைமேலேயே விழுந்தது.

உத்தரவு அடுத்த மாதமே வந்துவிட்டது. இப்போது அரிசியைக் குத்திப் பார்க்க யாரும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அங்கே பெட்ரோமாக்ஸுக்கு வேலை கிடையாது. ஆறுமுகம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். காசி சென்னைக்குப் போனவன்தான், கடிதம் கிடையாது. மைதீன் வளைகுடா நாட்டுக்குப் போய் வருஷங்களாயிற்று. லீவில் வரும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் நின்று அவன் சொல்லும் முதல் வார்த்தை, "யாரு நீங்க, தெரியலயே."

இந்தத் தடவை வாசலுக்கு வரவில்லை. போன வாரம் அந்த மழை விட்டு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, செங்கோட்டை பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தடித்த கண்ணாடி போட்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. "ஏலே மைதீனு" என்று கூப்பிட்டேன். திரும்பினான். குரல் வந்த பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"யாரு நீங்க, தெரியலயே" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கிறானா என்று பார்ப்பதற்குள் பஸ் கிளம்பித் திரும்பிவிட்டது. அவன் மனைவி மட்டும், அன்றைக்கு ஏட்டையா பார்த்த மாதிரி, என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

லீவு முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறதாம். அவன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் இன்னும் போகவில்லை.