மேல்கோடு ஆடவில்லை

இருட்டுத் திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலைதான். நான் அதைச் செய்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் கட்டங்கள் போட்ட ஒரு கண்ணாடி, அதன் ஓரத்தில் ‘ரெடி’ என்று ஒரு சின்ன விளக்கு. விளக்கு எரிந்தால் ஸ்கோப், அதாவது மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் பெட்டி, காத்திருக்கிறது என்று பொருள். திரையில் மட்டும் ஒன்றும் இருக்காது. பழுதான டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பைத்தியம் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தகரக் கூரைக்கு அடியில், கிரேன் கேபினில், மதியச் சூட்டில், என் அக்கா புருஷனுக்குப் பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருந்தேன். இப்போது என் மேசைமேல் இருக்கிற டிஜிட்டல் ஸ்கோப் நடந்து முடிந்ததைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டீ குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம். எல்லாரும் அதைப் புகழ்கிறார்கள். எனக்கு அலுப்புதான் வருகிறது. கொஞ்சம் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று.

அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். விம்கோ நகர் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அவர் மேலே கிரேன் ஓட்டினார், நான் கீழே மின் பராமரிப்பில் இருந்தேன். மாமா லிவரைப் பிடித்தால் இரும்புக் கட்டு பாலாடை மாதிரி இறங்கும் என்று கம்பெனியே சொல்லும். ஒருநாள் அந்தக் கட்டு தரைக்கு ஒரு முழம் மேலே வந்ததும் சட்டென்று குதித்தது. கொக்கி மாட்டப் போன தொழிலாளியின் கால் அடியில் சிக்கிக்கொண்டது. உயிர் பிழைத்தது, கால் பழையபடி ஆகவில்லை. மாமா லிவரை வெடுக்கென்று தள்ளிவிட்டார் என்று மேலாளர் முடிவுக்கு வந்துவிட்டார். மாமா இல்லை என்றார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது என்னிடம் வேறொன்று கேட்டார்: “மச்சான், என் கையே என்னிய அறியாம ஆடிகிச்சோ இன்னாவோ?” வேலை போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்தக் கால் தன் கையால் போனதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கிரேன் மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதைச் சொல்ல அதன் வாலில் ஒரு சின்ன டைனமோ உண்டு. அதிலிருந்து வரும் மின்சாரம் ஒரு கணம் அறுந்தால், மோட்டார் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி அதை முடுக்கிவிடும். அதைப் பிடிக்கத்தான் ஸ்கோப்பைக் கேபினுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்கோப்புக்குள் கோடு ஓடுகிற விதம் சொன்னால் எளிது. ஒரே சீராகத் தண்ணீர் விழும் குழாய்க்கு அடியில் குடத்தை வைத்தால் மட்டம் சீராக ஏறும் அல்லவா? அப்படி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரில் மாறாத மின்னோட்டத்தை விடுவார்கள். அதன் வோல்டேஜ் ஏற ஏற, ஒளிப்புள்ளி திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நகரும். குழாய் இடையில் சோர்ந்தால் புள்ளியும் சோரும், பிறகு திரையில் தெரியும் நேரக்கணக்கு எல்லாம் பொய். குடம் நிரம்பியதும் ஒரே கவிழ்ப்பு. புள்ளி இடது ஓரத்துக்கு ஓடி வந்துவிடும். திரும்பி வரும்போது ஒளியை அணைத்துவிடுவதால் அந்தப் பயணம் யார் கண்ணுக்கும் படாது. குடம் முழுக்கக் காலியாகும்வரை கொஞ்சம் நிறுத்தி வைத்து, அதற்கப்புறம்தான் அடுத்த ஓட்டம்.

அந்த அடுத்த ஓட்டத்தை எப்போது தொடங்குவது என்பதுதான் சூட்சுமம். ‘ஆட்டோ’வில் வைத்தால், எதுவும் வராவிட்டாலும் சும்மா சும்மா ஓடி ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டே இருக்கும். ‘சிங்கிள்’ என்றால் அப்படி இல்லை. நாம் சொன்ன மாற்றம் வரும்வரை திரை இருட்டாகக் காத்திருக்கும். வந்ததும் ஒரே ஒரு தடவை ஓடிவிட்டு மறுபடி இருட்டாகிவிடும். டைனமோவின் வோல்டேஜ் விழுந்தால் ஓடு என்று வைத்திருந்தேன். மேலே ஒரு கோடு லிவருக்கு, கீழே ஒரு கோடு டைனமோவுக்கு. கீழ்க்கோடு குழிந்து மேல்கோடு ஆடாமல் இருந்தால் மாமாவின் கை ஆடவில்லை. இவ்வளவுதான் விஷயம். சாப்பாட்டு நேரத்தில், கூடத்தில் ஆள் இல்லாதபோது, வெறும் கொக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ள மேலாளர் அனுமதித்தார். அதுவும் அந்த வாரத்துக்கு மட்டும்.

நாள்கள் போயின. கொக்கி ஏறியது, இறங்கியது. கண் எரிந்து தண்ணீர் வழிந்தது. ஒருநாள் கீழே மேலாளர் கூப்பிட்டார் என்று இறங்கிப் போனேன். மாமாவும் நம்மைப் போல மனிதர்தானே. இருட்டுத் திரையைப் பார்க்கப் பார்க்க, பெட்டி கெட்டுப்போய்விட்டது என்ற பயம் வந்திருக்கிறது. நான் மேலே ஏறி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “பொட்டி கண்ண மூடிக்கினு இருந்துச்சு மச்சான். நான்தான் அந்தத் திருகாணியத் திருப்பி வுட்டேன். பாரு, லைன் ஜம்முனு வந்துச்சு!” ஆட்டோவில் திருப்பியிருந்தார். கோடு அழகாக ஓடிக்கொண்டிருந்தது. “அத்தோட இன்னொண்ணு. இப்பதான் கொக்கி ஒரு குதி குதிச்சுது. பொட்டியில இன்னாமோ மின்னிச்சு, போயிடுச்சு.” எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. காத்திருந்தது வந்துவிட்டுப் போயிருக்கிறது, அது வந்த நேரத்தில் ஸ்கோப் தன்பாட்டுக்குப் பாதி ஓட்டத்தில் இருந்திருக்கிறது. விளக்கிச் சொன்னேன். அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. “இருட்டா இருந்தாத்தான் வேல செய்யுதா? இதெ முன்னாடியே சொல்ல மாட்டியா நைனா” என்றார். சொல்லியிருந்தேன். இருட்டை நம்பு என்று சொன்னால் எவனுக்குத்தான் மனம் வரும்?

கடைசி நாள் மேலாளரே கேபினுக்கு ஏறி வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். குனிந்து திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கீழே எவனோ “சார்” என்று கத்தினான். அவர் தலையைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து வந்தது. இரண்டு புள்ளிகள் இடமிருந்து வலமாக ஓடின. கீழே உள்ளது பள்ளத்தில் விழுந்து எழுந்தது, மேலே உள்ளது ரூல் போட்ட மாதிரி நேராகப் போனது. கண்ணாடியில் லேசாகப் பச்சை தங்கி, அதுவும் போயிற்று. “சார், பாத்தீங்களா!” என்று கத்தினேன். அவர் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை. அவர் கண் கொக்கியின் மேல் இருந்தது, அங்கேதான் இருக்க வேண்டும். “நீ பாத்தே, சரி. நீ அவருக்கு யாரு?” என்று மேலாளர் கேட்டார். மச்சான் என்றேன். “வேலிக்கு ஓணான் சாட்சியா?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அன்றைக்கே டைனமோவைத் திறந்தோம். உள்ளே பிரஷ், சுற்றுகிற பாகத்தை உரசி மின்சாரத்தை எடுக்கும் கரித்துண்டு, தேய்ந்து கிடந்தது. மாற்றினோம், குதிப்பு நின்றது. அதைக் காட்டியபோது, தேயாத பிரஷ் எந்த மெஷினில் இருக்கிறது என்றார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மாமாவைக் கிரேனிலிருந்து இறக்கி, பழைய இரும்பு எடை போடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். கம்பெனி மூடும்வரை அங்கேதான் இருந்தார். அடிபட்டவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கடைக்குப் போக அதுதான் குறுக்கு வழி, மாமா சுற்றிக்கொண்டுதான் போவார். பிரஷ்தான் காரணம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “பிரஷ் தேஞ்சது மெய்தான் மச்சான். ஆனா அன்னிக்கு அந்த நேரத்துல என் கையி ஆடலன்னு எப்பிடிச் சொல்றே?” என்பார். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் நான் பார்த்த அந்தக் கோடுதான். அதுவும் வேறொரு நாளின் கோடு, வெறும் கொக்கியின் கோடு. அவருக்கும் அது தெரியும்.

இப்போது அவர் வீட்டில் கட்டிலோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வாரம் முழுக்க வேலை பார்த்து, முதுகு வலித்து, அதையும் ஒரு வேலையாகத்தான் செய்கிறேன் என்பதை மறைப்பானேன். போன வாரம் அக்கா வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டார்: “மச்சான், அந்த லைனை மெய்யாலுமே பாத்தியா? எனக்கோசரம் சொல்லலியே?”

பார்த்தேன் மாமா என்றேன். பார்த்தேன்தான். பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது இரண்டு கோடுகளையும் ஒருமுறை மனத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன், ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி, சொன்னது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ‘பார்த்தேன் மாமா’ என்ற என் குரல்தான் கேட்கிறது. கண்ணைத் திறந்தபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செரி, வுடு” என்றார். பிறகு வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, அது ஆடுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வயசாகிவிட்டது, ஆடியது.