ஒரே குடியில் வாங்கிய கார்

தெய்வநாயகி அன்ரியை நான் முதலில் கண்டது ஸ்காபரோவில் ஒரு சட்ட உதவி நிலையத்தில். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து கதிரை காட்டுவது அங்கே எனக்குத் தொண்டு வேலை. கையில் கார்ச் சாவியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

"கார் இருக்க ஏன் அன்ரி பஸ்ஸில வந்தனீங்கள்?"

"கார் வீட்டு வாசலில நிக்குது தம்பி. ஆரும் களவெடுத்தா அம்மனுக்குப் பொங்கல் வைப்பன்."

அந்தக் காரின் கதைதான் இது.

மட்டக்களப்பில் பிறந்தவர் தெய்வநாயகி. கணவர் வீரக்குட்டி இறந்த பிறகு மகள் யதுஷாவோடு வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிச் சோறூட்டும் வேலை. பக்கத்து நகரமான பிக்கரிங்கில் நிரந்தரமாகச் சில வீடுகள் தருவதாகக் கம்பனி சொன்னது. ஆனால் சொந்தக் கார் வேண்டும். நிரந்தர வேலை என்ற சொல்லை அவர் காது அதுவரை கேட்டதில்லை.

ஒரு கராஜின் பின்வளவில் பழைய கார்கள் விற்கும் அரசரெத்தினத்திடம் தாயும் மகளும் போனார்கள்.

"அக்கா எந்த ஊர்?" என்றார் அவர். ஊரைச் சொன்னதும், "அட! மறுகா, என்ன குடி?"

மட்டக்களப்பில் குடி தாய் வழியாக வருவது. ஒரே குடியென்றால் கூடப்பிறந்த மாதிரி. அதற்குள் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். தெய்வநாயகி தன் குடியைச் சொன்னார்.

அரசரெத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாமளும் அதுதானேக்கா! அப்ப நீங்க எனக்குக் கூடப்பிறந்த அக்கா!"

முதலில் வாயைத் திறந்து குடியைச் சொன்னது தான்தான் என்பது அப்போது தெய்வநாயகிக்கு உறைக்கவில்லை. அரசரெத்தினம் காட்டிய காரைச் சுற்றிப் பார்த்தார்.

"அடிபட்ட கார் இல்லையே தம்பி?"

"அம்மா மேல சத்தியம். ஒரு கீறல் கிடையாது."

"அங்கிள், காரின்ட ஹிஸ்ற்றி ரிப்போர்ட் ஒண்டு எடுக்கலாமா?" என்றாள் யதுஷா. தாய் அவள் தொடையில் நுள்ளினார். "குடிக்குள்ள ரிப்போர்ட் கேக்கிறதா? வெக்கங்கெட்டவளே!"

"கடைக் கணக்கில போடாம, என்ட மனுசிட பேரில இருந்தே மாத்தித் தாறன். நாம குடும்பம்தானே," என்று முடித்தார் அரசரெத்தினம். தெய்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பனி நாட்டில் ஒரு தம்பி கிடைத்த சந்தோசம்.

பிக்கரிங் போகிற வழியில், நெடுஞ்சாலையில், கார் தானாக இடப்பக்கம் இழுத்தது. புது ரயர் போட்டும் இழுவை நிற்கவில்லை. வேறொரு கராஜ் வைத்திருக்கும் பஸ்ரியன் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அன்ரி, கீழ வந்து பாருங்கோ. சேசி, அதுதான் அடிச்சட்டம், ஒருக்கா மடங்கினது. வெல்டிங் வச்சு, மேல பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள். உதில இனி ஏறாதேங்கோ."

தெய்வநாயகி உடனே அரசரெத்தினத்துக்குப் போன் போட்டார். "பழைய கார் எண்டா அப்பிடித்தான் அக்கா. நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க?" அந்தப் பேச்சிலும் அக்கா என்ற சொல் மாறவில்லை. சேசி மடங்கியதைவிட அதுதான் அவரைக் குத்தியது.

நிலையத்துச் சட்டத்தரணி அமீரா, மட்டக்களப்புக்குப் பக்கத்துக் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கார் விக்கிறதையே தொழிலாச் செய்யிறவர் பெரிய அடி பட்டிருந்தா எழுத்தில சொல்லவேணும் அன்ரி. தன்ட வீட்டுக் காரை விக்கிறவருக்கு அந்தச் சட்டம் இல்ல. அதுக்குத்தான் மனுசிட பேர். ஆனா நீங்க கேட்டீங்க, அவர் பொய் சொன்னார். அதுக்கு ரெண்டு பேரும் பொறுப்புத்தான். வழக்குப் போடலாம்."

"குடிக்குள்ள வழக்கா, புள்ள?"

"குடி எங்களுக்கும் இருக்கு அன்ரி. கோர்ட்டுக்கு இல்ல."

அரசரெத்தினத்தின் தொழில் அதுதான் என்று காட்ட, அவரிடம் வாங்கிய வேறு ஆட்களை யதுஷா தேடினாள். மன்னார் ஜூலியஸ் அகப்பட்டார். அவருக்கும் கார் அரசரெத்தினத்தின் மனைவி பெயரிலிருந்துதான் மாறியிருந்தது.

"'என்ர மனுசியும் மன்னார்தான், நீங்கள் எனக்கு மச்சான் முறை' எண்டவன் அரசரெத்தினம்," என்று சிரித்தார் ஜூலியஸ். "யாழ்ப்பாணத்து ஆளொருத்தருக்கு ஒரே பள்ளிக்கூடமாம். ஆள் வளவுக்குள்ள கால் வைக்க முந்தியே சொந்தம் ரெடி!"

யதுஷாவும் சிரித்தாள். தெய்வநாயகி சிரிக்கவில்லை. தாயிடமிருந்து வந்த ஒன்றை அந்த மனிதன் கார் விற்கும் பேச்சாக்கிவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது.

வழக்குப் போட்டார்கள். விசாரணைக்கு முந்திய சமரசக் கூட்டம் வீடியோவில் நடந்தது. "இது வியாபாரம் இல்லை. என் சகோதரிக்கு வீட்டுக் காரைக் கொடுத்தோம்," என்றார் அரசரெத்தினம். இவர் உங்கள் தம்பியா என்று நீதிபதி கேட்டார். யதுஷா தாயைப் பார்த்தாள். ஓம் என்றால் அரசரெத்தினம் சொன்னது நிற்கும். இல்லை என்றால், நாளைக்குக் கோயில் வாசலில் ஊர்ச் சனம் வாய்க்கு வந்தபடி கதைக்கும்.

"இல்ல," என்றார் தெய்வநாயகி. "இவர் எனக்கு ஒண்டுமில்ல. கார் விக்கிறவர்."

ஜூலியஸின் வாக்குமூலமும் பஸ்ரியன் எடுத்த படங்களும் இருந்தன. வழக்கு நடந்தால் எங்கே போய் முடியும் என்று நீதிபதி சொன்னதும், காரைத் திருப்பி எடுத்துக் காசைக் கொடுக்க அரசரெத்தினம் சம்மதித்தார். அதற்குள் பிக்கரிங் வீடுகள் வேறொருத்திக்குப் போய்விட்டன. ஒரு காருக்காகக் குடியை மறுத்தவள் என்று கோயிலில் இரண்டு பேர் முகம் திருப்பினார்கள்.

தெய்வநாயகி இப்போதும் வெக்ஸ்போர்ட்டில் அதே அடுக்குமாடியில்தான் இருக்கிறார். ஸ்காபரோவுக்குள் பஸ் போகும் வீடுகளில் மட்டும் வேலை செய்கிறார். வேறு கார் வாங்கவில்லை.